விரலில் மாட்டும் கிளிப் குழந்தையின் ஆக்சிஜனைக் காட்டுமா?

கேள்வி: எனக்கு இது முதல் பிரசவம்; 36 வாரம் ஆகிறது. என் அக்காவுக்கு வலி எடுத்தபோது வயிற்றில் பெல்ட் கட்டியிருந்தார்கள். குழந்தையின் துடிப்பு 90க்கு இறங்கியதும் எல்லோரும் பதறிவிட்டோம். அக்காவின் விரலில் மாட்டியிருந்த கிளிப்போ 98 காட்டியது. அப்படியானால் குழந்தைக்கு ஆக்சிஜன் போதுமான அளவு இருந்ததுதானே? எனக்கும் தொடக்கத்திலிருந்தே பெல்ட் கட்டச் சொல்லலாமா?

பதில்: அந்த 98 உங்கள் அக்காவின் இரத்தத்தில் இருந்த ஆக்சிஜன் அளவு, குழந்தையுடையது அன்று. வயிற்றுக்குள் இருக்கும் குழந்தை இயல்பாகவே நம்மைவிட மிகக் குறைந்த ஆக்சிஜனில்தான் வாழ்கிறது. பிரசவ நேரத்தில் அதன் அளவு 30 முதல் 70 சதவீதம் வரை இருப்பதே இயல்பு. இதை நேரடியாக அளக்க, குழந்தையின் கன்னத்தை ஒட்டி வைக்கும் சென்சார் ஒன்றுக்கு 2000ஆம் ஆண்டில் அமெரிக்காவில் அனுமதி கிடைத்தது. ஆனால் அதனால் சிசேரியன் குறையவில்லை, குழந்தைகளின் நிலையும் மேம்படவில்லை என்று 2006இல் வெளியான பெரிய ஆய்வொன்று காட்டியதால் அது நிலைக்கவில்லை. ஆகவே இன்றும் இதயத் துடிப்பைக் கொண்டே ஆக்சிஜன் நிலையை ஊகிக்கிறோம்.

வயிற்றில் பெல்ட்டாகக் கட்டும், சிடிஜி எனப்படும் கருவியின் தாளில் மேல்கோடு குழந்தையின் துடிப்பையும், கீழ்க்கோடு கருப்பையின் இறுக்கத்தையும் காட்டும். துடிப்பு நிமிடத்துக்கு 110 முதல் 160 வரை இருந்து, கோடு சிறுசிறு நெளிவுகளோடு ஓடினால் நிம்மதி. துடிப்பு எவ்வளவு இறங்கியது என்பதைவிட எப்போது இறங்கியது என்பதையே நாங்கள் உற்றுப் பார்ப்போம். வலியோடு சேர்ந்து இறங்கி வலியோடு மீண்டால் பெரும்பாலும் தலை அழுந்துவதே காரணம். திடீரெனச் செங்குத்தாக இறங்கி ஏறினால் தொப்புள்கொடி அழுந்தியிருக்கலாம். வலி உச்சத்தை எட்டியபின் தாமதமாக இறங்கி, வலி அடங்கிய பிறகும் மெதுவாகவே மீண்டு, அதோடு நெளிவும் மறைந்து கோடு தட்டையாகிவிட்டால், நஞ்சுக்கொடி வழியாக ஆக்சிஜன் போதவில்லை என்று கருதி விரைந்து செயல்படுவோம்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். பெல்ட் சற்று நகர்ந்தால் கருவி குழந்தையை விட்டுத் தாயின் துடிப்பைப் பிடித்துவிடும். வலியில் இருக்கும் தாய்க்கு 90 என்பது சாதாரணம். விரல் கிளிப் காட்டும் நாடித்துடிப்போடு ஒப்பிட்டால் இந்தக் குழப்பம் தீரும் என்பதால், அந்தக் கிளிப்பை நான் மிகவும் மதிக்கிறேன்.

சிக்கல் எதுவும் இல்லாமல் தானாக வலி எடுக்கும் பெண்ணுக்குத் தொடர்ச்சியாகப் பெல்ட் கட்டுவதை உலக சுகாதார நிறுவனம் 2018இல் வெளியிட்ட பரிந்துரைகளில் ஆதரிக்கவில்லை. அது பிறந்த குழந்தைக்கு வலிப்பு வருவதைக் குறைத்தாலும், மூளை முடக்குவாதத்தைக் குறைத்ததாகத் தெரியவில்லை, சிசேரியனைக் கூட்டுகிறது. 15 நிமிடத்துக்கு ஒருமுறையும், முக்கும் கட்டத்தில் 5 நிமிடத்துக்கு ஒருமுறையும், வலி அடங்கியவுடன் ஒரு நிமிடம் டாப்ளர் (துடிப்பைக் கேட்கும் சிறு கைக்கருவி) வைத்துக் கவனமாகக் கேட்டாலே போதும். இரத்த அழுத்தம், இரத்தப்போக்கு, காய்ச்சல், குழந்தையின் வளர்ச்சிக் குறைவு, பனிக்குட நீரில் மலம் கலத்தல், முந்தைய சிசேரியன், பிரசவ வலியை வரவழைக்கவோ கூட்டவோ ஏற்றும் டிரிப் ஆகியவற்றில் ஏதேனும் இருந்தால் மட்டும் பெல்ட் அவசியம். அப்போது தயங்காமல் கேளுங்கள்.

வலி தொடங்கும் முன்பே குழந்தையின் அசைவு குறைந்ததாகத் தோன்றினால், மறுநாள் பார்க்கலாம் என்றிராமல் உடனே மருத்துவமனைக்குச் செல்லுங்கள்.