மூன்று தோட்டாவை நம்பி பவுடர் அளவை முடிவு செய்யாதீர்கள்

டெக்சஸிலிருந்து ஒரு வாசகர் கேட்கிறார்: “சொல்லிச் செய்து வாங்கிய 6.5 கிரீட்மூர் வகைத் தோட்டாவைச் சுடும் டார்கெட் ரைஃபிள் என்னுடையது. தோட்டாவை நானே ரீலோட் செய்கிறேன், அதாவது சுட்ட கேஸில் (பித்தளை உறையில்) மறுபடி பவுடரும் குண்டும் வைக்கிறேன். பத்து பவுடர் அளவுகளை எடுத்து, ஒவ்வொன்றிலும் மூன்று தோட்டா வீதம் 100 கஜத்தில் சுட்டேன். ஒரு குரூப் (டார்கெட்டில் துளைகள் சிதறிய அகலம்) 0.3 அங்குலம், மற்றவை அரை அங்குலத்திலிருந்து 1 அங்குலம் வரை. அந்த 0.3 அளவிலேயே நிறையச் செய்துவைத்தேன். அடுத்த வாரம் அதே தோட்டா 0.8 அங்குலம் போகிறது. கோளாறு ரைஃபிளிலா, என் கையிலா?”

இரண்டிலும் இல்லை. நீங்கள் சுட்ட தோட்டாக்களின் எண்ணிக்கை போதவில்லை.

பத்து தோட்டா குரூப் சராசரியாக 1 அங்குலம் வரும் ரைஃபிளை எடுத்துக்கொள்ளுங்கள். அதே ரைஃபிள், அதே தோட்டா, மூன்று மூன்றாகச் சுட்டால் சராசரி சுமார் 0.63 அங்குலம்தான் வரும். அந்தச் சராசரியைச் சுற்றி 0.25 முதல் 1.1 வரை எது வந்தாலும் ஆச்சரியமில்லை. பத்துப் பேர் தாயம் உருட்டினால் யாருக்காவது நல்ல எண் விழத்தான் செய்யும்; அவர் கை ராசியான கை என்று ஆகிவிடாது. ஒரே பவுடர் அளவில் பத்து குரூப் சுட்டிருந்தாலும், அவற்றில் மிகச் சிறியது 0.3 பக்கம்தான் வந்திருக்கும். ஆக, உங்கள் 0.3-ம் 0.8-ம் ஒரே ரைஃபிளின் ஒரே குணம்தான்.

வேகத்துக்கும் இதே கதி. மூன்று தோட்டாவின் வேகத்தை அளந்து, திட்ட விலக்கம் (வேகம் தோட்டாவுக்குத் தோட்டா எவ்வளவு மாறுகிறது என்ற அளவு) வினாடிக்கு 3 அடி என்று பூரித்துப்போகிறவர்கள் உண்டு. உண்மையான விலக்கம் வினாடிக்கு 10 அடியாக இருந்தாலும், மூன்று தோட்டாவில் அது 2 என்றும் காட்டும், 19 என்றும் காட்டும். பவுடர் அளவுக்கு எதிரே வேகத்தை வரைந்தால், வேகம் ஏறாமல் நிற்பதுபோலத் தெரியும் ‘சமதளம்’ பெரும்பாலும் தற்செயல்தான். நீங்கள் 100 கஜத்தோடு நிற்பவர் என்றால் இதற்காகத் தூக்கத்தைக் கெடுத்துக்கொள்ள வேண்டாம். 1000 கஜத்தில்தான் வினாடிக்கு 10 அடி வித்தியாசம் குண்டை சுமார் 3 அங்குலம் மேலோ கீழோ தள்ளும். குரோனோகிராஃப் (வேகத்தை அளக்கும் கருவி) பேரலில், அதாவது துப்பாக்கிக் குழாயில், மாட்டும் வகையாக இருந்தால், குரூப்பையும் வேகத்தையும் ஒரே நேரத்தில் அளக்காதீர்கள். அந்த எடை பேரலின் அதிர்வை மாற்றி, குண்டு படும் இடத்தையும் நகர்த்திவிடும்.

சரி, இனி என்ன செய்வது? பேரல் புதிதென்றால் முதல் 100 தோட்டா வரை சோதனையே வேண்டாம். அதற்குள் வேகம் தானாகவே கொஞ்சம் ஏறும். அதன் பிறகு பவுடர் கம்பெனியின் கையேட்டில் உள்ள தொடக்க அளவிலிருந்து படிப்படியாக ஏறுங்கள். இந்தக் கட்டத்தில் நீங்கள் தேடுவது குரூப் அல்ல, அழுத்தத்தின் எல்லை. போல்ட் (தோட்டாவைப் பின்னாலிருந்து பூட்டும் பாகம்) தூக்கக் கனமாக இருந்தாலோ, கேஸின் அடியில் எஜெக்டர் (கேஸை வெளியே தள்ளும் பாகம்) தடம் பளபளத்தாலோ அங்கேயே நிறுத்துங்கள். இந்த அறிகுறிகள் தாமதமாகத்தான் தெரியும், ஆகவே அவை இல்லை என்பதைச் சாக்காக வைத்துக் கையேட்டின் உச்ச அளவைத் தாண்டக் கூடாது. டெக்சஸ் கோடையில் தோட்டாப் பெட்டியை வெயிலில் வைத்தால் அழுத்தம் இன்னும் கூடும். இன்னொருவருடைய ரைஃபிளுக்கு ஒத்துப்போன அளவை அப்படியே எடுத்துக்கொள்வதும் ஆபத்து.

உச்சத்துக்குக் கீழே வசதியான ஒரு வேகத்தில் நின்று, 20 தோட்டா செய்யுங்கள். பேரலை ஆறவிட்டு, பத்து பத்தாக இரண்டு குரூப் சுட்டு, இரண்டு டார்கெட்டையும் ஒன்றன்மேல் ஒன்று வைத்துப் பாருங்கள். திருப்தி இல்லையென்றால் பவுடரை 0.2 கிரெயின் (பவுடரை நிறுக்கும் சிறிய எடை அலகு) கூட்டிக் குறைத்து நேரத்தை வீணாக்காதீர்கள். குண்டையே மாற்றுங்கள், அப்புறம் பவுடரை. எதை மாற்றினாலும் மறுபடி கையேட்டின் தொடக்க அளவிலிருந்துதான் வர வேண்டும். நான் பார்த்தவரை பெரிய முன்னேற்றம் இந்த இரண்டில்தான் கிடைக்கிறது. குண்டை எவ்வளவு ஆழத்தில் பதிப்பது என்பது அதற்கு அடுத்தபடி. ரைஃப்லிங்கிலிருந்து (பேரலுக்குள் உள்ள சுருள் வரிகள்) 0.020 அங்குலம் தள்ளித் தொடங்கலாம். ரைஃப்லிங்கைத் தொட்டால் அழுத்தம் எகிறும்.

கேஸ் விஷயத்தில் சுருக்கமாக: ஒரே கம்பெனி, ஒரே லாட் (தயாரிப்புத் தொகுதி), எத்தனை முறை சுட்டது என்பதும் ஒன்றாக இருக்கட்டும். சுட்ட கேஸை மறுபடி அளவுக்குக் கொண்டுவரும்போது ஷோல்டரை (கழுத்தை நோக்கிக் குறுகும் பகுதி) 0.002 அங்குலத்துக்கு மேல் பின்தள்ள வேண்டாம். மேசையில் ஒரு நேரத்தில் ஒரு பவுடர் டப்பாதான் இருக்க வேண்டும். இந்தியாவிலிருந்து படிப்பவர்களுக்கு: உரிமம் இல்லாமல் தோட்டா தயாரிப்பது அங்கே ஆயுதச் சட்டப்படி குற்றம்.

இரண்டு மூன்று வகைக் குண்டு மாற்றிய பிறகும் பத்து தோட்டா குரூப் ஒன்றரை அங்குலத்தைத் தாண்டினால், முதலில் ஸ்கோப் மவுண்ட் திருகுகளையும் ஆக்‌ஷன் திருகுகளையும் (ரைஃபிளின் இயங்கு பாகத்தைக் கட்டையோடு பிணைப்பவை) டார்க் ரெஞ்சால் (இறுக்கத்தை அளந்து முடுக்கும் கருவி) சரிபாருங்கள். அவையும் சரியாக இருந்தால் ரைஃபிளைக் கட்டியவரிடம் கொண்டுபோங்கள். நன்றாக வந்த குரூப்பை மட்டும் பொறுக்காமல், சுட்ட டார்கெட் எல்லாவற்றையும் தேதி எழுதி எடுத்துப்போங்கள்.