சிலிக்கான் பள்ளத்தாக்கில் வேலையில் இருப்பவர்கள்கூட ஏன் வண்டியில் வசிக்கிறார்கள்?

சிலிக்கான் பள்ளத்தாக்கின் சான் ஹோசேவுக்கு மாற்றலாகி வருவதாகவும், யூடியூபில் பார்த்தால் சாலையோரமெல்லாம் கூடாரமும் பழைய வண்டிகளுமாக இருப்பதாகவும் எழுதியிருக்கிறீர்கள். 'இவ்வளவு பணம் புரளும் ஊரில் இது எப்படி? போதைதான் காரணமா? வெயில் இதமாக இருக்கிறதென்று வேறு மாநிலங்களிலிருந்து வந்து குவிகிறார்களா? குடும்பத்தோடு வரலாமா?' என்பது உங்கள் கேள்வி.

பல வருடமாகப் பக்கத்து ஊரான சன்னிவேலில் வாடகைக்கு இருப்பவன் என்ற முறையில் சொல்கிறேன். போதையும் உண்டு, வெயிலும் உண்டு. ஆனால் மூல காரணம் வாடகை. அந்த வாடகை தானாக ஏறியது இல்லை, ஏற்றி வைத்திருக்கிறோம்.

எங்கள் அலுவலக உணவகத்தில் பாத்திரம் கழுவும் ஒருவர் திங்கள் முதல் வெள்ளி வரை ஒரு பழைய ஆர்.வி.யில்தான் (படுக்கை வசதியோடு வரும் பெரிய வண்டி) தூங்குகிறார். மனைவியும் பிள்ளைகளும் மலைக்கு அந்தப் பக்கம் லாஸ் பானோஸில். தினமும் போய் வந்தால் பெட்ரோலும் தூக்கமும் போகும் என்பதால் இந்த ஏற்பாடு. அந்த வண்டியும் அவருடையது இல்லை, நாலைந்து ஆர்.வி.க்களை வாங்கித் தெருவில் நிறுத்தி மாத வாடகைக்கு விடும் ஒரு ஆளிடம் எடுத்தது. நிற்பது பொதுச்சாலை, அதற்கு வாடகை! இப்படி ஒரு தொழிலே நடக்கிறது இங்கே.

கணக்கைப் பாருங்கள். சன்னிவேலில் குறைந்தபட்சக் கூலி 2025இல் மணிக்கு 19 டாலர். வாரம் 40 மணி நேரம் உழைத்தால் மாதம் சுமார் 3,300, அதுவும் வரிக்கு முன்னால். ஒரு படுக்கையறை வீடு 3,000ஐ ஒட்டிப் போகிறது. அதோடு பெரும்பாலான வீட்டுக்காரர்கள் வாடகையைப் போல இரண்டரை, மூன்று மடங்கு சம்பளம் காட்டச் சொல்வார்கள். கிரெடிட் ஸ்கோர் பார்ப்பார்கள். முன்பு எங்காவது காலி செய்ய வைத்த வழக்கு பதிவில் இருந்தால் விண்ணப்பம் அங்கேயே நின்றுவிடும். ஒருமுறை வீட்டை இழந்தவர் திரும்ப உள்ளே வருவது ஏன் இவ்வளவு கஷ்டம் என்பதற்கு இதைவிட விளக்கம் தேவையில்லை.

வெளி மாநிலக் கதைக்கு வருவோம். கலிபோர்னியா பல்கலைக்கழகத்தின் சான் பிரான்சிஸ்கோ வளாகம் மாநிலம் முழுக்க வீடற்றவர்களிடம் நடத்திய ஒரு பெரிய ஆய்வை 2023இல் வெளியிட்டது. அவர்களில் பத்தில் ஒன்பது பேர் கடைசியாக வீட்டில் இருந்தது கலிபோர்னியாவில்தான். முக்கால்வாசிப் பேர் அப்போது இருந்த அதே கவுண்டியில்தான் (நம் ஊர் மாவட்டம் மாதிரி) இப்போதும் இருக்கிறார்கள். வீட்டை இழப்பதற்கு முந்தைய ஆறு மாதத்தில் அவர்களின் இடைநிலைக் குடும்ப வருமானம் மாதம் 960 டாலர். மாதம் 300 முதல் 500 டாலர் வாடகை உதவி கிடைத்திருந்தால் வீட்டைத் தக்கவைத்திருப்போம் என்று 70 சதவீதம் பேர் சொன்னார்கள். என்னை உலுக்கிய எண் இதுதான்.

மெத் என்கிற போதைப்பொருளைத் தொடர்ந்து எடுப்பதாகச் சொன்னவர்கள் அதே ஆய்வில் ஏறத்தாழ மூன்றில் ஒருவர். குறைவில்லை, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் போதையால் சாகிறவர்களின் விகிதத்தில் பல வருடம் நாட்டிலேயே முதலிடத்தில் இருந்தது மேற்கு வர்ஜீனியா. அங்கே வீடற்றவர்களின் விகிதம் கலிபோர்னியாவில் இருப்பதில் சிறு பங்குதான். ஏனென்றால் அங்கே போதையில் இருப்பவருக்கும் கட்டுப்படியாகிற வாடகையில் ஒரு கூரை கிடைக்கிறது.

தீபாவளிக்கு ஊருக்குப் போகும் ரயிலை நினைத்துக்கொள்ளுங்கள். ஸ்லீப்பர் பெட்டியில் 72 படுக்கை. யாருக்கு டிக்கெட் கிடைக்காமல் போனது என்று பார்த்தால் நெட் மெதுவாக இருந்தவர், விவரம் தெரியாத தாத்தா, தூங்கிவிட்டவர் என்று ஆளுக்கொரு காரணம் இருக்கும். எல்லோரும் விடியற்காலையிலேயே எழுந்து உட்கார்ந்திருந்தாலும் ஏறப்போவது 72 பேர்தான். இங்கே வீடுகளின் கதையும் அதுதான்.

சரி, பெட்டியை ஏன் கூட்டவில்லை? சான் ஹோசேயில் குடியிருப்பு நிலத்தில் 94 சதவீதம் தனி வீடுகளுக்கு மட்டும் என்று ஒதுக்கி வைத்திருந்தார்கள். பக்கத்து நகரமான பாலோ ஆல்டோவில் வசதி குறைந்த முதியவர்களுக்காக 60 வீடுகள் கட்ட நகராட்சி ஒப்புக்கொண்டது. 2013இல் ஊர் மக்களே வாக்கெடுப்பு நடத்தி அதைக் கவிழ்த்தார்கள். இன்னொரு பக்கத்து நகரமான கூப்பர்டினோவில் வால்கோ என்ற ஷாப்பிங் மாலை இடித்துவிட்டு 2,402 வீடுகள் கட்ட 2018இல் விண்ணப்பம் போனது. வழக்கு, இழுபறி, புதுத் திட்டம் என்று அந்த இடம் வருடக்கணக்கில் வெற்று மண்ணாகவே கிடந்தது.

இதற்கு அடியில் 1978இல் கலிபோர்னியா மக்கள் வாக்களித்துக் கொண்டுவந்த 13ஆம் முன்மொழிவு என்ற வரிச் சட்டம் இருக்கிறது. வீட்டு வரி, வாங்கிய விலையில் ஒரு சதவீதத்தை ஒட்டித்தான். அந்த மதிப்பையும் வருடத்துக்கு 2 சதவீதத்துக்கு மேல் ஏற்றக்கூடாது. 1980இல் ஒரு லட்சம் டாலருக்கு வாங்கியவர் இன்று சுமார் 2,500 டாலர் வரி கட்டுவார். பக்கத்திலேயே அதே மாதிரி வீட்டை இன்று 20 லட்சத்துக்கு வாங்குபவர் 20,000 கட்டுவார். விலை ஏற ஏற பழைய வீட்டுக்காரருக்கு லாபம் மட்டும்தான், வலி இல்லை. அவர் ஏன் புது வீடு வரட்டும் என்பார்? நகராட்சிகளுக்கும் வீடுகளைவிட விற்பனை வரி தரும் கடைகள்மீதுதான் கண்.

வெள்ளைக்காரர்கள் மட்டும் எதிர்க்கிறார்கள் என்று நினைக்காதீர்கள். நம் ஆட்களின் வாட்ஸ்அப் குழுவிலும் 'நம்ம ஏரியாவில் அபார்ட்மெண்ட் வருகிறது, ஸ்கூலில் கூட்டம் சேரும், கவுன்சில் கூட்டத்துக்கு எல்லாரும் வாங்க' என்று செய்தி வரும். சொல்பவர் நல்ல மனிதர்தான். நவராத்திரி கொலுவுக்குக் கூப்பிட்டு வாய் நிறையச் சுண்டல் கொடுப்பார். ஆனால் உண்மையில் நடந்தது என்ன? பிள்ளைகள் எண்ணிக்கை குறைந்துபோய் கூப்பர்டினோ பள்ளி மாவட்டம் 2022இல் தொடக்கப் பள்ளிகளை மூடியது. சின்னப் பிள்ளைகள் இருக்கும் இளம் குடும்பங்களால் அங்கே வீடு வாங்க முடிந்தால்தானே?

விரட்டுவது மட்டும் சுறுசுறுப்பாக நடக்கிறது. சான் ஹோசேயில் கயோட்டி ஓடைக்கரையில் 'ஜங்கிள்' என்று பெயர்பெற்ற பெரிய முகாமை 2014 டிசம்பரில் காலி செய்தார்கள். பலர் வேறு ஓடைக்கரைகளுக்குப் போனார்கள். மவுண்டன் வியூவில் 2020இல் வாக்கெடுப்பு நடத்தி, குறுகலான தெருக்களில் ஆர்.வி. நிறுத்தத் தடை. தங்குமிடம் இல்லாவிட்டாலும் பொது இடத்தில் தூங்குபவருக்கு அபராதம் போடலாம் என்று 2024இல் அமெரிக்க உச்ச நீதிமன்றமே சொல்லிவிட்டது. கையில் காசில்லாதவருக்கு அபராதம் போட்டு என்ன வசூலிப்பார்களோ!

2025இல் மாநில அரசு கொஞ்சம் அசைந்தது. நகரத்துக்குள் கட்டும் குடியிருப்புகளைச் சுற்றுச்சூழல் சட்டத்தைக் காட்டி வழக்குப் போட்டு இழுத்தடிக்கும் வழியைப் பெருமளவு அடைத்தார்கள். பெரிய ரயில் நிலையங்களைச் சுற்றி உயரமான குடியிருப்புகளை நகராட்சி மறுக்க முடியாதபடி இன்னொரு சட்டம். பலன் தெரிய வருடங்கள் ஆகும்.

குடும்பத்தோடு தாராளமாக வாருங்கள். ஆர்.வி. வரிசையைத் தாண்டித்தான் நான் தினமும் நடைப்பயிற்சிக்குப் போகிறேன். அங்கிருப்பவர்கள் காலையில் வேலைக்குக் கிளம்பிக்கொண்டிருப்பார்கள். வீடு தேடும்போது ஒன்று கவனியுங்கள். கட்டி 15 வருடம் தாண்டிய அடுக்குமாடிகளில் 2019ஆம் வருடச் சட்டப்படி வருடத்துக்கு 5 சதவீதமும் விலைவாசி உயர்வும் சேர்ந்த அளவுக்கு மேல், எப்படியும் 10 சதவீதத்துக்கு மேல், வாடகை ஏற்ற முடியாது. பளபளப்பான புதுக் கட்டடத்தில் முதல் மாதம் இலவசம் என்பார்கள். மாநிலச் சட்டத்தின் அந்த உச்சவரம்பு அங்கே செல்லாது. ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடும் முன் கட்டிய வருடத்தைக் கேட்டுவிடுங்கள்.