சிறுநீரக மாற்று அறுவைச் சிகிச்சை முடிந்த நண்பனுக்கு எப்படித் துணையாக இருப்பது?

கேள்வி: என் நண்பனுக்குச் சிறுநீரக மாற்று அறுவைச் சிகிச்சை நடந்து ஐந்து வாரம் ஆகிறது. முழுசாகத் தேற ஒரு வருஷம் ஆகலாம் என்கிறார்கள். வீட்டில் மனைவி பார்த்துக்கொள்கிறார். நண்பனாக நான் என்ன செய்யலாம்? இப்போதெல்லாம் என் போனையே எடுப்பதில்லை. எடுத்தாலும் எரிந்து விழுகிறான்.

பதில்:

நான் மருத்துவன் இல்லை. பள்ளிக்கூடத்திலிருந்து என்னோடு வளர்ந்த ஒருவனுக்கு அவனுடைய அக்கா ஒரு கிட்னி கொடுத்தார். அதன்பிறகு ஒன்றரை வருஷம் பக்கத்தில் இருந்து பார்த்திருக்கிறேன். இந்தப் பதிலை எழுத எனக்குள்ள தகுதி அவ்வளவுதான். மாத்திரை, அளவு சம்பந்தமாக எதுவானாலும் அவனுடைய டாக்டர்கள் சொல்வதுதான் கணக்கு.

ஆபரேஷன் அன்று ஆஸ்பத்திரி வராந்தாவில் நாங்கள் பதினாலு பேர் நின்றோம். உட்கார நாற்காலி பற்றவில்லை. மூன்றாம் மாதம் அவனை ஒரு ஸ்கேனுக்கு அழைத்துப் போக ஆள் தேடினால் ஒருத்தரும் சிக்கவில்லை. குறை சொல்லவில்லை, எல்லாருக்கும் பிழைப்பு இருக்கிறது. ஆனால் ஐந்தாவது வாரத்தில் இந்தக் கேள்வியைக் கேட்கிறீர்களே, சரியான நேரத்தில்தான் கேட்கிறீர்கள். கூட்டம் கலையத் தொடங்கும் நேரம் இதுதான்.

தையல் பிரித்தால் முடிந்தது என்றுதான் நானும் நினைத்திருந்தேன். வயிற்றுக் காயம் ஆறு, எட்டு வாரத்தில் பெரும்பாலும் ஆறிவிடும். இழுத்துக்கொண்டு போவது அது இல்லை. புதுக் கிட்னியை உடம்பு வெளியாள் என்றே பார்க்கும், விரட்டத்தான் பார்க்கும். அதனால் எதிர்ப்புச் சக்தியையே மருந்தால் அமுக்கி வைக்கிறார்கள். அதிகம் அமுக்கினால் கண்ட கிருமியும் உள்ளே வரும், குறைவாக அமுக்கினால் உடம்பு கிட்னியைத் தாக்கும். இந்த ஆளுக்கு எந்த அளவு சரி என்று கண்டுபிடிக்கத்தான் மாதக்கணக்கில் ரத்தம் எடுத்துக்கொண்டே இருக்கிறார்கள். அந்த மாத்திரைகளில் சிலதாவது, கிட்னி வேலை செய்யும் காலம் முழுக்க உண்டு.

என் நண்பன் இதையெல்லாம் தேடிப் படிக்கிற ஆள். 1954-ல் பாஸ்டனில் ஜோசப் முர்ரே என்ற டாக்டர் முதல்முறையாக வெற்றிகரமாகக் கிட்னி மாற்றினார், கொடுத்தவரும் வாங்கியவரும் அண்ணன் தம்பி, இருவரும் ஒரே கருவில் பிறந்த இரட்டையர் என்பதால் உடம்புக்கு வித்தியாசமே தெரியவில்லை என்று கதை சொல்வான். "அக்கா என்கூடவே ரெட்டையா பொறந்திருக்கலாம்டா, இவ்ளோ மாத்திரை மிச்சம்" என்பான். அக்காவும் தம்பியும் ஒரே உருவான இரட்டையராக முடியாது என்று நான் திருத்தினால் கோபம் வரும். பழைய கிட்னிகளைப் பெரும்பாலும் எடுப்பதில்லை, புதியதை அடிவயிற்றில் ஒரு பக்கமாக வைத்துவிடுகிறார்கள். அதனால், "எனக்கு மூணு, உனக்கு ரெண்டுதான்" என்பதும் அவனுடைய நிரந்தர ஜோக்.

நான் உருப்படியாகச் செய்த ஒரே வேலை என்று சொன்னால், ரத்தம் எடுக்கிற காலைகளில் கூடப் போனதுதான். ஆரம்பத்தில் வாரத்துக்கு இரண்டு முறை. எதிர்ப்புச் சக்தியை அமுக்க அவன் சாப்பிட்ட முக்கியமான மாத்திரை டேக்ரோலிமஸ், பன்னிரண்டு மணி நேரத்துக்கு ஒரு முறை. காலை ஒன்பது, இரவு ஒன்பது. அடுத்த மாத்திரை போடுவதற்குச் சற்று முன்னால் ரத்தத்தில் மருந்து எவ்வளவு மிச்சமிருக்கிறது என்று பார்ப்பதுதான் அந்தப் பரிசோதனை. அதனால் அன்று காலை ரத்தம் கொடுத்த பிறகுதான் மாத்திரை. கேட்க எளிது. ஆனால் இத்தனை நாள் "தவறாமப் போடு, தவறாமப் போடு" என்று பழக்கிவிட்ட கை, அன்றைக்கும் தானாக டப்பாவைத் திறந்துவிடும். ஒருமுறை லேப் வாசலிலேயே விழுங்கிவிட்டான். அன்று எடுக்க முடியாமல் திரும்பி, மறுநாள் மறுபடி போனோம். அதற்குப் பிறகு ரத்தம் எடுக்கிற நாளில் மாத்திரை டப்பா என் சட்டைப் பையில்தான் இருக்கும். ஊசி குத்தின இடத்தில் பஞ்சை அழுத்திக்கொண்டு வெளியே வருவான், கையை நீட்டுவான், நான் எடுத்துக் கொடுப்பேன். பேச்சே கிடையாது.

அந்த மருந்துக்குக் கை நடுங்கும். முதல் மாதம் லேப் படிவத்தில் கையெழுத்துப் போடும்போது பேனா தாளைத் தொட்டுத் தொட்டு எழும்பியது. இருபது வருஷமாக நான் பார்த்த கையெழுத்து இல்லை அது. கவுன்ட்டரில் இருந்தவர் நிமிர்ந்து பார்த்தார். "நான் போடட்டுமா?" என்று வாய் வரைக்கும் வந்துவிட்டது. நல்லவேளை, கேட்கவில்லை. அவனே மெதுவாக முடித்தான்.

எரிந்து விழுவதற்கு வருவோம். அதில் ஒரு பங்கு உங்கள் நண்பனுடையதே இல்லை. ஸ்டீராய்டு, அதாவது பிரெட்னிசலோன், ஆரம்பத்தில் அதிகமாகக் கொடுத்துப் படிப்படியாகக் குறைப்பார்கள். தூக்கம் போகும், பசி தாங்காது, முகம் உப்பும், சின்ன விஷயத்துக்குக் கோபம் தலைக்கேறும். கண்ணாடியில் தெரிகிற முகமே தன்னுடையது இல்லை என்கிற நிலையில், நீங்கள் போன் செய்து "எப்படி இருக்கே?" என்று கேட்டால் என்ன பதில் சொல்வான்? மனசு ரொம்பவே மாறித் தெரிந்தால், பல நாள் தூங்காமல் இருந்தால், அதை டாக்டரிடம் சொல்லும்படி அவன் மனைவியிடம் சொல்லுங்கள். மருந்தின் வேலை என்றால் அதற்கும் வழி வைத்திருப்பார்கள்.

இன்னொரு பங்கு, நன்றிக்கடன். எல்லாரும் "மறுபிறவி எடுத்து வந்திருக்கே" என்கிறார்கள். நான்கூட அப்படித்தான் சொன்னேன், முதல் வாரம். அப்படிச் சொல்லிவிட்டால் அவனால் அப்புறம் முனகக்கூட முடியாது. வயிறு வலிக்கிறது, சலிப்பாக இருக்கிறது, சில நாள் டயாலிசிஸே தேவலை போலிருக்கிறது என்று சொன்னால், கொடுத்தவருக்குச் செய்கிற துரோகம் மாதிரி ஆகிவிடும். முனகுவதற்கு ஒரு ஆள் வேண்டும், அந்த ஆளாக இருங்கள். பதிலுக்குத் தைரியம் சொல்லாதீர்கள்.

நான்காம் மாதம் இது எனக்கு நன்றாகப் புரிந்தது. கிரியேட்டினின் என்று ஒரு கழிவு, கிட்னி சரியாக வடிகட்டாவிட்டால் ரத்தத்தில் ஏறும். என் நண்பனுக்கு 1.3-ல் நின்றிருந்த அது 1.9 என்று வந்தது. அவனுக்குக் காய்ச்சல் இல்லை, வலி இல்லை, எதுவும் தெரியவில்லை. நிராகரிப்பு, அதாவது உடம்பு கிட்னியைத் தாக்குவது, பல சமயம் அப்படித்தான் வருமாம், ரத்தத்தில் மட்டும் தெரியும். உள்ளே சேர்த்து பயாப்ஸி எடுத்தார்கள், கிட்னியிலிருந்து ஊசியால் துளி சதை எடுத்துப் பரிசோதிப்பது. எடுத்த பிறகு மணிக்கணக்கில் மல்லாந்து அசையாமல் படுக்க வேண்டும். நான் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். கூரையைப் பார்த்துக்கொண்டே சொன்னான்: "அக்காகிட்ட சொல்லாதடா. அவ கொடுத்தத நான் பாழாக்கிட்டேன்னு நினைப்பா." ஒரு மாத்திரையும் அவன் தவறவிட்டதில்லை, எனக்குத் தெரியும். மாத்திரை ஒழுங்காகப் போட்டாலும் நிராகரிப்பு வரலாம் என்று அன்று மாலை ரவுண்ட்ஸ் வந்த டாக்டரையே அவனிடம் சொல்ல வைத்தேன். நான் சொல்லியிருந்தால் ஆறுதல் வார்த்தை என்று தள்ளியிருப்பான். மூன்று நாள் நரம்பு வழியாக ஸ்டீராய்டு ஏற்றினார்கள், மெல்ல மெல்ல 1.5-க்கு இறங்கியது. அக்காவிடம் அவனே சொன்னான், பத்து நாள் கழித்து. அவர் சிரித்தாராம்.

அக்கா என்றதும் நினைவு வருகிறது. உயிரோடு இருப்பவர் கொடுத்திருந்தால் அவரையும் ஒரு எட்டுப் பாருங்கள். ஆஸ்பத்திரிக்கு நோயாளியாகப் போகாமல், நல்ல உடம்போடு நடந்து போய்க் கத்தி பட்டுக்கொண்டவர் அவர். வலியும் அசதியும் அவருக்கும் வாரக்கணக்கில் இருக்கும். எங்கள் பதினாலு பேரில் அக்காவின் கட்டில் பக்கம் போனவர்கள் இரண்டு பேர். நான் அதில் இல்லை.

உடம்பு சரியில்லாமல் அவன் வீட்டுக்குப் போகாதீர்கள். எனக்கு லேசான தொண்டைக் கரகரப்புதான். கதவைத் திறந்த என் நண்பனின் மனைவி என் குரலைக் கேட்டதுமே, "அண்ணா, இன்னிக்கு வேண்டாம், தப்பா நினைச்சுக்காதீங்க" என்று பாதி கதவோடு நிறுத்திவிட்டார். தப்பாகத்தான் நினைத்தேன், படி இறங்கும்வரை. மூன்றாம் நாள் எனக்குக் கொளுத்தும் காய்ச்சல். அவனுக்கு 100.4 டிகிரி தாண்டினாலே நள்ளிரவானாலும் ஆஸ்பத்திரிக்குக் கூப்பிட வேண்டும் என்று சொல்லியிருந்தார்கள். நான் உள்ளே போயிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று இன்றும் யோசிக்க விரும்பவில்லை.

மற்றபடி சின்னச் சின்ன வேலைகள்தான். கனமான பெட்டி, வாளி எதையும் அவனைத் தூக்கவிடாதீர்கள். என் நண்பனை நாலு, ஐந்து கிலோவுக்கு மேல் தொடக்கூடாது என்றிருந்தார்கள், ஆனால் கை சும்மா இராது. காரில் சீட் பெல்ட்டுக்கும் வயிற்றுக்கும் நடுவே ஒரு சின்னத் தலையணை வைத்தால் மேடு பள்ளத்தில் முகம் சுளிக்க மாட்டான். தலைவலி என்றால் உங்கள் பையிலிருக்கும் வலி மாத்திரையை நீட்டாதீர்கள். ஐபுப்ரொஃபென், டைக்ளோஃபெனாக் வகையறா கிட்னிக்கு ஆகாது. யாராவது மூலிகைப் பொடியோடு வந்து "இயற்கைதானே, என்ன செய்யும்?" என்பார்கள், அவர்களை வாசலிலேயே மடக்குவது நண்பனின் வேலை, ஏனென்றால் வீட்டுக்காரர்களால் சொந்தக்காரர்களை மறுக்க முடியாது. கிரேப்ஃப்ரூட் பழமே டேக்ரோலிமஸ் அளவை ஏற்றிவிடும், பொடியில் என்ன இருக்கிறது என்று யாருக்குத் தெரியும். மாத்திரை போட்டதும் வாந்தி எடுத்துவிட்டால் இன்னொன்று போடலாமா என்று நீங்களாக முடிவு செய்யாமல் ஆஸ்பத்திரிக்குப் போன் செய்யுங்கள்.

அவன் மனைவிக்கு நாலு மணி நேரம் வாங்கிக் கொடுங்கள். "ஏதாவது வேணும்னா சொல்லுங்க" என்றால் யாரும் சொல்ல மாட்டார்கள். "சனிக்கிழமை ரெண்டுல இருந்து ஆறு வரைக்கும் நான் இருக்கேன், நீங்க தூங்குங்க" என்று சொல்லுங்கள். என் நண்பனின் மனைவி முதல் சனிக்கிழமை தூங்கவில்லை, மூன்றாவது சனிக்கிழமை தூங்கினார்.

போன் விஷயம். என்னுடையவனும் எடுக்கவில்லை, இரண்டாம் மாதம் முழுக்க. நான் போன் செய்வதையே விட்டுவிட்டேன். தினமும் ஒரு வரி மட்டும் அனுப்பினேன். கேள்வி எதுவும் இருக்காது, பதில் தேவைப்படாத விஷயம்: ஆபீஸில் லிப்ட் நின்றுபோனது, வண்டி பஞ்சர், எங்கள் கணக்கு வாத்தியாரைப் பஸ்ஸில் பார்த்தது. நீலக் குறி விழும், வேறு ஒன்றும் வராது. பதினோராவது நாள் ராத்திரி இரண்டு மணிக்கு வந்தது: "நாளைக்கு ரத்தம் எடுக்கணும். அவளுக்கு லீவு இல்ல. வர்றியா?"