படபடப்பு நின்றுவிட்டது, மாத்திரையையும் நிறுத்தலாமா?

கேள்வி: என் அம்மாவுக்கு வயது 67. ரத்த அழுத்தம் உண்டு, சர்க்கரை இல்லை. நான்கு மாதங்களுக்கு முன் திடீரென்று படபடப்பும் மூச்சிரைப்பும் வந்தன. இசிஜி எடுத்துப் பார்த்து ஏட்ரியல் ஃபிப்ரிலேஷன் என்றார்கள். மெட்டோப்ரோலால், அமியோடரோன், அபிக்சபான் என்று மூன்று மாத்திரைகள் தந்திருக்கிறார்கள். இப்போது படபடப்பே இல்லை. "உடம்புதான் சரியாகிவிட்டதே, இன்னும் எதற்கு இத்தனை மாத்திரை?" என்கிறார் அம்மா. போன வாரம் இரவு மாத்திரைகளை மறந்துவிட்டு, காலையில் இரண்டு வேளைக்கும் சேர்த்து விழுங்கிவிட்டார். மூட்டுவலிக்கும் மாத்திரை வேண்டும் என்கிறார். எதை விடலாம், எதை விடக்கூடாது? மறந்துபோனால் என்ன செய்வது?

பதில்: அம்மா கேட்பது நியாயமான கேள்வி. அதை அவரிடமும் சொல்லுங்கள். ஆனால் மூன்று மாத்திரைக்கும் சேர்த்து ஒரே பதில் சொல்ல முடியாது. "இதய மாத்திரை" என்ற பெயரில் ஒரே டப்பாவில் கிடந்தாலும், மூன்றும் மூன்று வேறு வேலைகளைச் செய்கின்றன. எது எந்த வேலையைச் செய்கிறது என்று தெரிந்துவிட்டால் உங்கள் மற்ற சந்தேகங்களிலும் பாதி தீர்ந்துவிடும்.

ஏட்ரியல் ஃபிப்ரிலேஷனில் இதயத்தின் மேலறைகள் சுருங்கி விரிவதற்குப் பதிலாக நடுங்கிக்கொண்டே இருக்கும். அந்த நடுக்கம் கீழறைகளுக்குத் தாறுமாறாக இறங்கி, நாடி வேகமாகவும் ஒழுங்கில்லாமலும் ஓடும். மெட்டோப்ரோலால் அந்த வேகத்தைக் கட்டுக்குள் வைக்கிறது. அமியோடரோன் தாளத்தையே ஒழுங்குக்குக் கொண்டுவரவும் அங்கேயே பிடித்துவைக்கவும் முயல்கிறது. அம்மாவுக்குப் படபடப்பு நின்றது இந்த இரண்டால்.

மூன்றாவதான அபிக்சபான் படபடப்புக்கான மருந்தே இல்லை. மேலறை நடுங்கும்போது அதன் இடப்பக்கத்தில் சிறு பை போலிருக்கும் ஒரு மூலையில் ரத்தம் தேங்கும். தேங்கிய ரத்தம் உறையும். அந்தக் கட்டி பிய்த்துக்கொண்டு மூளைக்குப் போனால் பக்கவாதம். இந்தக் கோளாறு உள்ளவர்களுக்குப் பக்கவாதம் வரும் வாய்ப்பு மற்றவர்களைவிடச் சுமார் 5 மடங்கு. அதைத் தடுப்பதுதான் அபிக்சபானின் வேலை. அந்த வேலை நடப்பதை உடம்பு உணராது. சாப்பிட்டாலும் வித்தியாசம் தெரியாது, விட்டாலும் தெரியாது. அதனால்தான் முதலில் கைவிடப்படுவது பெரும்பாலும் இந்த மாத்திரையாக இருக்கிறது. எனக்கு மிகுந்த கவலை தருவதும் அதுவே.

தாளம் சரியாகிவிட்டால் உறைவும் நின்றுவிடாதா என்று கேட்கலாம். மருத்துவர்களும் ஒரு காலத்தில் அப்படித்தான் நம்பினார்கள். 2002இல் வெளியான அஃபர்ம் என்ற பெரிய ஆய்வு அந்த நம்பிக்கையைக் கலைத்தது. அதில் பக்கவாதம் வந்தவர்களில் பெரும்பாலோர் ரத்த உறைவுத் தடுப்பு மருந்தை நிறுத்தியவர்கள், அல்லது மருந்து போதாத அளவில் இருந்தவர்கள். தாளத்தைச் சீராக்க மருந்து எடுத்தவர்களும் அவர்களில் இருந்தார்கள். காரணம் எளிமையானது. இந்தக் கோளாறு சொல்லாமல் வந்து சொல்லாமல் போகும். பகலில் நிம்மதியாக இருப்பவருக்குத் தூக்கத்தில் சில மணி நேரம் மேலறை நடுங்கியிருக்கலாம், அவருக்கே தெரியாது. உங்கள் அம்மாவுக்கு வயது 65ஐத் தாண்டிவிட்டது, ரத்த அழுத்தமும் இருக்கிறது. படபடப்பு இருந்தாலும் இல்லாவிட்டாலும் இவை இரண்டும் அபிக்சபான் தொடர்வதற்கான காரணங்கள்.

இனி மறந்துபோகும் விஷயம். அபிக்சபானின் பாதி சுமார் 12 மணி நேரத்தில் உடம்பிலிருந்து வெளியேறிவிடும். அதனால்தான் நாளுக்கு இரண்டு வேளை. ஒரு வேளை தவறினால் பாதுகாப்பு இறங்கத் தொடங்கும், ஒரு நாள் முழுக்கத் தவறினால் ஏறக்குறைய இல்லாமல் போகும். இரவு மாத்திரையை மறந்து, படுக்கப்போகும் நேரத்தில் ஞாபகம் வந்தால் அப்போதே போட்டுக்கொள்ளலாம். மறுநாள் காலையில்தான் ஞாபகம் வந்தது என்றால் காலை மாத்திரை மட்டும் போதும், முந்தைய வேளை போனது போனதுதான். சேர்த்துப் போட்டால் அந்தச் சில மணி நேரத்துக்கு ரத்தக்கசிவு அபாயம் கூடும். மெட்டோப்ரோலாலுக்கும் இதே விதி: இரட்டை அளவு போட்டால் நாடியும் ரத்த அழுத்தமும் தேவைக்கு மேல் இறங்கி, எழுந்து நிற்கும்போது தலைசுற்றி விழ நேரலாம். அமியோடரோன் மட்டும் வேறு ரகம். அது வாரக்கணக்கில், மாதக்கணக்கில் உடம்பில் தங்கும். ஒரு வேளை தவறினால் பதற வேண்டியதே இல்லை, அடுத்த வேளையில் வழக்கம்போலத் தொடரலாம்.

போன வாரம் நடந்ததற்கு இப்போது செய்ய ஒன்றுமில்லை, ஆனால் மருத்துவரிடம் சொல்லிவையுங்கள். இனி அப்படி நேர்ந்தால் அன்றைக்கே தொலைபேசியில் சொல்லி, அடுத்த வேளையை எப்போது போடுவது என்று கேளுங்கள்.

அதோடு, மெட்டோப்ரோலாலைத் திடீரென்று நிறுத்தக்கூடாது. அதுவரை அடக்கிவைத்த வேகம் பழைய நிலையைவிட மோசமாகத் திரும்பலாம், இதய ரத்தக்குழாயில் அடைப்பு உள்ளவருக்கு நெஞ்சுவலியே வரலாம். நிறுத்துவதானாலும் படிப்படியாகத்தான். நாள் முழுக்க மெதுவாகக் கரையும் வகை என்று அட்டையில் போட்டிருந்தால் அதைப் பொடித்தோ மென்றோ சாப்பிடக் கூடாது. ஒரு நாளுக்கான மருந்து ஒரே மூச்சில் ரத்தத்தில் இறங்கிவிடும்.

என்னிடம் வந்த ஒரு பெரியவரைப் பற்றிச் சொல்ல வேண்டும். நாடி 42க்கு இறங்கி, நடந்தால் கண் இருட்டுகிறது என்று வந்தார். வீட்டிலிருக்கும் எல்லா மாத்திரைகளையும் கொண்டுவரச் சொன்னேன். துணிப்பையிலிருந்து ஒவ்வொரு அட்டையாக மேசையில் பரப்பினார். சிவப்பு எழுத்தில் ஒன்று, நீல எழுத்தில் ஒன்று, பெயர்கள் வேறு வேறு. பெயருக்குக் கீழே கண்ணைச் சுருக்கினால்தான் தெரியும் பொடி எழுத்தில் இரண்டிலும் மெட்டோப்ரோலால் என்றே இருந்தது. ஒன்று பழைய மருத்துவர் ரத்த அழுத்தத்துக்குக் கொடுத்தது, மற்றொன்று புதிய மருத்துவர் படபடப்புக்குக் கொடுத்தது. அவர் இரண்டையும் ஒரு நாள் தவறாமல் சாப்பிட்டுவந்தார். குற்றம் அவர் மேல் இல்லை, யாரும் பையைக் கொட்டிப் பார்க்கவில்லை. உங்கள் அம்மாவுக்கும் ரத்த அழுத்தம் உண்டு என்பதால் இதைச் சொல்கிறேன். இன்றைக்கே எல்லா அட்டைகளையும் எடுத்து, நிறுவனத்தின் பெயரை விட்டு, மருந்தின் பெயரை மட்டும் ஒரு தாளில் எழுதுங்கள். எதிரே அளவு, எந்த வேளை, எதற்காக. எந்த மருத்துவரிடம் போனாலும், பல் மருத்துவரானாலும், அந்தத் தாள் கூடவே போகட்டும்.

மூட்டுவலிக்கு டைக்ளோஃபெனாக், ஐப்யூப்ரோஃபென் போன்றவற்றைக் கடையில் கேட்டு வாங்கிப் போடக் கூடாது. அபிக்சபானோடு சேர்ந்தால் இரைப்பையில் ரத்தம் கசியும் அபாயம் தெளிவாகக் கூடுகிறது. சிறுநீரகத்தையும் அவை பாதிக்கும், சிறுநீரகம் தளர்ந்தால் அபிக்சபான் உடம்பில் தேங்கும். ஒன்றின் கேடு இன்னொன்றுக்கு வழி திறந்துவிடுகிறது. வலி தாங்கவில்லையென்றால் பாராசிட்டமால் பரவாயில்லை, அதையும் மருத்துவர் சொல்லும் அளவுக்குள். "இதயத்துக்கு நல்லது" என்று ஆஸ்பிரினைத் தானாகச் சேர்த்துக்கொள்வதும் கூடாது.

சளி பிடித்தால் மூக்கடைப்புக்கான சூடோஎஃபெட்ரின் கலந்த மாத்திரைகளைத் தவிருங்கள், அவை இதயத்தைத் துரத்தும். அமியோடரோன் எடுக்கும்வரை இன்னும் சில மருந்துகளில் கவனம் வேண்டும். கிளாரித்ரோமைசின், மாக்சிஃப்ளாக்சசின் போன்ற ஆன்டிபயாடிக்குகள், வாந்திக்கான டோம்பெரிடோன், ஆன்டான்செட்ரான் ஆகியவை இதயம் ஒவ்வொரு துடிப்புக்குப் பிறகும் மின்னளவில் மீண்டு வரும் நேரத்தை நீட்டிவிடும். அமியோடரோனும் அதையே செய்கிறது. இரண்டும் சேர்ந்தால் ஆபத்தான வேறொரு தாளக் கோளாறு கிளம்பக்கூடும். கிரேப்ஃப்ரூட் சாறு அமியோடரோனின் அளவை ரத்தத்தில் ஏற்றிவிடும். காசநோய்க்கான ரிஃபாம்பிசினும் சில வலிப்பு மருந்துகளும் செயின்ட் ஜான்ஸ் வோர்ட் என்ற மூலிகையும் அபிக்சபானை வலுவிழக்கச் செய்யும். மூலிகை என்பதால் மருத்துவரிடம் சொல்லத் தேவையில்லை என்று நினைத்துவிடாதீர்கள்.

தாளத்தைத் திருத்தும் மருந்துகள் மேல் எனக்கு எப்போதும் ஒரு மரியாதையும் ஒரு பயமும் உண்டு. மாரடைப்புக்குப் பிறகு வரும் கூடுதல் துடிப்புகளை ஃப்ளெகைனைடு, என்கைனைடு என்ற இரண்டு மருந்துகள் அழகாக அடக்கின. இசிஜி சுத்தமாக இருந்தது. ஆனால் 1989இல் அந்த இரண்டு மருந்துகளையும் சோதித்த ஆய்வைப் பாதியில் நிறுத்த வேண்டியதாயிற்று, மருந்து எடுத்தவர்களில்தான் அதிகம் பேர் இறந்துகொண்டிருந்தார்கள். ஃப்ளெகைனைடு இன்றும் பயன்படுகிறது, யாருக்குக் கொடுக்கலாம் என்று ஆளைப் பார்த்துத் தேர்ந்தெடுத்துத்தான். இந்த வகை மருந்துகளை ஒருவருக்குக் கொடுத்ததை இன்னொருவர் வாங்கிப் போடக் கூடாது என்பதற்கு இதைவிடக் காரணம் வேண்டாம்.

அமியோடரோன் கனமான மருந்து. எடையில் மூன்றில் ஒரு பங்குக்கும் மேல் அயோடின் என்பதால் தைராய்டைக் கூட்டவும் செய்யும், குறைக்கவும் செய்யும். ஆறு மாதத்துக்கு ஒருமுறை தைராய்டு, கல்லீரல் பரிசோதனை வேண்டும். புதிதாக வறட்டு இருமலோ மூச்சிரைப்போ வந்தால் சளி என்று விட்டுவிடாதீர்கள், இந்த மருந்து நுரையீரலையும் தொடக்கூடியது. வெயிலில் தோல் சீக்கிரம் கன்றிப்போகும். அபிக்சபானுக்காக ஆண்டுக்கு ஒருமுறையாவது ரத்த எண்ணிக்கையும் சிறுநீரகமும் பார்க்க வேண்டும். அதன் வழக்கமான அளவு வேளைக்கு 5 மில்லிகிராம். வயது 80 அல்லது மேல், எடை 60 கிலோ அல்லது குறைவு, சிறுநீரகத்தின் நிலையைக் காட்டும் கிரியேட்டினின் ரத்தத்தில் 1.5 அல்லது மேல் ஆகிய மூன்றில் இரண்டு பொருந்தினால்தான் 2.5. பயத்தில் மாத்திரையை வீட்டிலேயே பாதியாக உடைத்துக் கொடுப்பவர்களைப் பார்க்கிறேன். பாதி மாத்திரையில் பக்கவாதத்துக்கான பாதுகாப்பும் குறைந்துவிடும்.

அபிக்சபானுக்குப் பதில் வார்ஃபரின் எடுக்கும் வாசகர்களுக்கு ஒரு வார்த்தை. ரத்தம் உறைய எவ்வளவு நேரமாகிறது என்று காட்டும் ஐஎன்ஆர் பரிசோதனைதான் உங்களுக்கு வழிகாட்டி, பெரும்பாலும் அது 2க்கும் 3க்கும் இடையில் நிற்க வேண்டும். கீரையை ஒதுக்க வேண்டாம், வாரத்துக்கு வாரம் ஏறக்குறைய ஒரே அளவில் சாப்பிடுங்கள். ஆன்டிபயாடிக் தொடங்கினால் சில நாளில் ஐஎன்ஆர் பாருங்கள். உறைவைத் தடுக்கும் இன்னொரு மருந்தான டபிகட்ரான் எடுப்பவர்கள் அந்தக் கேப்ஸ்யூலை அதன் அட்டையிலிருந்தோ புட்டியிலிருந்தோ மாத்திரை டப்பாவுக்கு மாற்றாதீர்கள், ஈரத்தில் கெட்டுவிடும். திறந்து கொட்டியும் சாப்பிடாதீர்கள்.

அம்மாவுக்கு நாடி பார்க்கக் கற்றுக்கொள்ளுங்கள். மணிக்கட்டில் கட்டைவிரல் பக்கம் இரண்டு விரல்களை வைத்து, முழுதாக ஒரு நிமிடம் எண்ண வேண்டும். 15 விநாடி எண்ணி நான்கால் பெருக்கினால் ஒழுங்கற்ற நாடியில் கணக்கு தவறிவிடும். அமியோடரோனும் மெட்டோப்ரோலாலும் இரண்டுமே நாடியைக் குறைப்பவை. 50க்குக் கீழே இறங்கி தலைசுற்றலும் சோர்வும் இருந்தால் அடுத்த வேளைக்கு முன் மருத்துவரிடம் பேசுங்கள். மயக்கம் போட்டு விழுந்தால், வாய் கோணினால், ஒரு கை தொங்கினால், பேச்சு குழறினால், மலம் தார் போலக் கறுத்தால் மருத்துவமனைக்கே போக வேண்டும். தலையில் அடிபட்டால் வெளியே காயமில்லாவிட்டாலும் போக வேண்டும், அபிக்சபான் எடுப்பவருக்கு உள்ளே மெல்லக் கசியலாம். பல் பிடுங்குவதற்கோ அறுவைக்கோ முன்பும் நீங்களாக நிறுத்தாதீர்கள். சாதாரணப் பல் பிடுங்கலுக்குப் பல சமயம் நிறுத்தவே தேவையிருக்காது.

கடைசியாக, அம்மாவின் ஆசைக்கு வருகிறேன். மூன்றில் ஒன்று குறைய வாய்ப்பிருந்தால் அது அமியோடரோன்தான். தாளம் சில மாதங்கள் நிலையாக இருந்தால் அதைக் குறைக்கலாமா, வேறு வழி உண்டா என்று அடுத்த சந்திப்பில் அம்மாவே மருத்துவரிடம் கேட்கட்டும். பல மருத்துவர்கள் அந்தக் கேள்வியை வரவேற்பார்கள். நிறுத்தச் சொன்னாலும், மருந்து உடம்பைவிட்டுப் போக வாரங்கள், மாதங்கள்கூட ஆகும். அதுவரை மேலே சொன்ன ஆன்டிபயாடிக், வாந்தி மாத்திரை எச்சரிக்கைகள் அப்படியே பொருந்தும். நீங்கள் எழுதிய தாளிலிருந்து அமியோடரோனை அடிக்காமல், பக்கத்தில் நிறுத்திய தேதியை மட்டும் குறித்துவையுங்கள்.