கடனை அடைத்துக் கொடுத்தால் லாட்டரியை விட்டுவிடுவாரா?

கேள்வி: கணவருக்கு 56 வயது, ரப்பர் பால் வெட்டு வேலை. முன்பு கேரள எல்லையிலுள்ள பனச்சமூடு போனால் ஒரு கேரளா டிக்கெட் எடுப்பார், அவ்வளவுதான். ஒன்றரை வருடமாகத் தினமும் பத்து டிக்கெட், போதாததற்கு மூணு நம்பர் (பரிசு எண்ணின் கடைசி மூன்று இலக்கத்தின் மேல் கட்டும் பந்தயம்). மகளிர் குழுவில் என் பெயரில் எடுத்த கடன், வட்டிக்கு வாங்கியது, நகை அடகு எல்லாம் 3 லட்சத்தைத் தாண்டிவிட்டது. “ஒரு தடவை அடைச்சுத் தா, பிறகு தொடமாட்டேன்” என்கிறார். அம்மா வீட்டில் போட்ட 5 பவுன் மிச்சம் இருக்கிறது. விற்று அடைக்கலாமா? கை நடுக்கத்துக்கு மாத்திரை சாப்பிடுகிறார். வேறு நோய் இல்லை. (குமரி மாவட்டம் அருமனைப் பக்கத்திலிருந்து ஒரு வாசகி)

பதில்: விற்காதீர்கள் சகோதரி. அவர் பொய் சொல்கிறார் என்பதற்காக இல்லை. சொல்லும்போது அவர் அதை நம்பித்தான் சொல்கிறார். ஆனால் மொத்தக் கடனும் ஒரே நாளில் தீர்ந்தால் வட்டிக்காரருக்கு அவர் நம்பகமான ஆள் ஆகிவிடுவார். அடுத்த முறை இரண்டு மடங்கு நீட்டுவார்கள். அவர் மனதிலும் ‘எவ்வளவு போனாலும் வீட்டில் அடைப்பார்கள்’ என்ற கணக்கு உட்கார்ந்துவிடும்.

டிக்கெட் 50 ரூபாய். பத்து என்றால் மாதம் 15,000. இடையில் 100 ரூபாய் விழுந்தால் அது வீட்டுக்கு வராது. கடைக்காரர் அந்தச் சீட்டை வாங்கிக்கொண்டு புதிதாக இரண்டு டிக்கெட்டைக் கையில் திணிப்பார். வீட்டில் சொல்வது மட்டும் ‘இன்னைக்கு அடிச்சுது’. மூணு நம்பரில் 000 முதல் 999 வரை ஆயிரம் எண்கள். 457 கட்டி 458 விழுந்தால் ‘ஒண்ணுல போச்சே’ என்று இரவெல்லாம் தூங்கமாட்டார். 012 விழுந்திருந்தாலும் நஷ்டம் அதேதான். ஆனால் மயிரிழையில் தவறிய உணர்வுதான் மறுநாளும் அவரைக் கடைக்கு இழுக்கிறது.

கடைசி வரியில் போகிறபோக்கில் எழுதியிருக்கிறீர்களே, கை நடுக்க மாத்திரை, அதை முதலில் பார்க்க வேண்டும். பார்க்கின்சன் நோய்க்குத் தரும் பிரமிபெக்சோல், ரோபினிரோல் என்ற மருந்துகள் சிலருக்கு அடக்க முடியாத சூதாட்ட வெறியைக் கிளப்பும். பழக்கமே இல்லாதவரும் தொடங்குவார். ஒரு டிக்கெட்காரர் பத்துக்குத் தாவுவார். நடுக்கத்துக்கான எல்லா மாத்திரையும் இப்படி இல்லை. அட்டையில் கம்பெனி வைத்த பெயரோடு மருந்தின் பெயரும் இருக்கும். கண் தெரியாவிட்டால் பிள்ளைகளைப் படிக்கச் சொல்லுங்கள். எந்த மாதம் தொடங்கினார், எப்போது அளவு கூட்டினார்கள், லாட்டரி எப்போது கூடியது என்று ஒரு தாளில் எழுதி, மருந்து எழுதிய டாக்டரிடம் நீங்களே நேரில் சொல்லுங்கள். அவராகக் கேட்கமாட்டார்; ஓ.பி.யில் ஒரு ஆளுக்கு மூன்று நிமிடம் கிடைத்தாலே பெரிது, இதையெல்லாம் தமிழில் அச்சடித்துக் கொடுக்கவும் யாருக்கும் தோன்றவில்லை. அளவைக் குறைத்தாலோ மருந்தை மாற்றினாலோ பலருக்கு வெறி தணிகிறது. ஆனால் நீங்களாக நிறுத்திவிடாதீர்கள்: உடம்பு விறைக்கும், நடுக்கம் கூடும், பதற்றமும் மனச்சோர்வும் வரும்.

காரணம் மாத்திரையோ வேறோ, பணத்தை அவர் கையிலிருந்து எடுத்தாக வேண்டும். வெட்டுக் கூலியை உங்கள் கணக்கில் போடும்படி தோட்டக்காரரிடம் அவரையே சொல்லவையுங்கள். ஏ.டி.எம். கார்டு உங்களிடம். செல்போனில் ஜிபே வேண்டாம். டீக்கும் பஸ்ஸுக்கும் அன்றன்றைக்கு மட்டும். குலுக்கல் மதியம் 3 மணிக்கு. அதற்கு முந்தைய இரண்டு மணி நேரம் அவரைப் பனச்சமூடு பக்கம் போகாத வேலையில் வைத்திருங்கள். முதல் சில வாரங்கள் எரிந்து விழுவார்.

ஒரு நோட்டில் எல்லாக் கடனையும் எழுதுங்கள்: யாரிடம், அசல், வட்டி, யார் கையெழுத்து, என்ன ஈடு. குழுக் கடன் உங்கள் கையெழுத்து, தவணையை விடாதீர்கள். அடுத்து, ஏலத்துக்குப் போகக்கூடிய அடகு நகை. நீங்கள் கையெழுத்தோ ஜாமீனோ போடாத அவருடைய கடனுக்கு மனைவி என்பதற்காக மட்டும் நீங்கள் பொறுப்பில்லை. மூணு நம்பர் பந்தயப் பாக்கியைக் கோர்ட் மூலம் வசூலிக்கவே முடியாது. மிரட்டினால் 2003-ம் ஆண்டு கந்துவட்டித் தடைச் சட்டம் இருக்கிறது. நாகர்கோவில் நீதிமன்ற வளாகத்தில் சட்டப்பணிகள் ஆணைக்குழு உண்டு. பெண்களுக்கு வருமானம் பார்க்காமல் இலவச வக்கீல்.

இந்த நேரத்தில்தான் ஒருவர் வருவார்: ‘எல்லாத்தையும் ஒரே கடனாக்கித் தாரேன்.’ முதலில் கமிஷன், பிறகு அடிப்பத்திரம், பிறகு வெற்றுச் செக், கடைசியில் எழுதாத முத்திரைத் தாளில் கையெழுத்து. வாசலோடு அனுப்புங்கள். அடுத்து வருபவர் ‘30 நாளில் மறக்கடிப்போம், வண்டியோடு வந்து தூக்குறோம்’ என்னும் மையத்தின் தரகர். உங்கள் சம்மதம் இருந்தாலும் ஒருவரை அப்படித் தூக்கிக்கொண்டு போக 2017-ம் ஆண்டு மனநலச் சட்டம் இடம் தராது. சோற்றில் கலக்கும் பொடியும் வேண்டாம். ஆசாரிப்பள்ளம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் மனநலப் பிரிவு இருக்கிறது. சூதாட்டத்தை நிறுத்தும் ஒற்றை மாத்திரை கிடையாது. வாரக்கணக்கில் பேசி மாற்றும் சிகிச்சைதான்.

தமிழ்நாடு 2003-ல் லாட்டரியைத் தடை செய்தது. கேரளம் 1967 முதல் அரசே நடத்துகிறது. எல்லைக் கோட்டுக்கு இந்தப் பக்கம் விற்றால் வழக்கு, அந்தப் பக்கம் விற்றால் கஜானா வருமானம். அந்தப் பணத்தில் அங்குள்ள ஏழை நோயாளிகளுக்குக் காருண்யா நிதி போகிறது, நல்லதுதான். அருமனைக்காரர் கட்டிய 500 ரூபாய்க்கு அருமனையில் ஒரு ஆலோசகர்கூட வரப்போவதில்லை. தடை போட்டதோடு கடமை முடிந்தது என்று நம் பக்கமும் இருந்துவிட்டது.

கடன் வெளியே தெரிந்த நாட்களில் அவரைத் தனியே விடாதீர்கள். ‘நான் போய்ச் சேர்ந்தா எல்லாம் தீரும்’ போன்ற பேச்சு வந்தால், அது விளையாட்டுப் பேச்சு அல்ல. அரசின் மனநல உதவி எண் 14416-க்கு அழையுங்கள், 24 மணி நேரமும் இலவசம், தமிழில் பேசலாம். வெட்டுத் தோட்டத்துக்கு வாங்கி வைத்த ஆசிட்டையும் பூச்சிமருந்தையும் வீட்டிலிருந்து அகற்றுங்கள்.

அந்த 5 பவுனை அம்மா வீட்டிலேயே திரும்பக் கொண்டுபோய் வையுங்கள். எங்கே இருக்கிறது என்று அவரிடம் சொல்ல வேண்டியதில்லை.