போர்டை விடுங்கள், முதலில் கேமராவைப் பாருங்கள்

கேள்வி: மகள் பி.இ. கடைசி வருடம். ராஸ்பெரி பை என்ற சின்ன கம்ப்யூட்டர் போர்டும் கேமராவும் வைத்து, தோப்பில் விழுந்த தேங்காயைத் தானே தேடிப் போகும் சின்ன ரோபோ செய்திருக்கிறாள். வீட்டுக்குள் நன்றாக ஓடுகிறது. தோப்பில் விட்டால் காய்ந்த மட்டையிடம் போகிறது, நிழலைக் கண்டால் நின்றுவிடுகிறது. கோவையில் ஒரு புராஜெக்ட் சென்டரில், போர்டு போதாது, புது போர்டும் ஏஐ கோடும் சேர்த்து 35,000 ரூபாய் என்கிறார்கள். கொடுக்கலாமா?
- ஒரு வாசகர், கொழிஞ்சாம்பாறை

பதில்: கொடுக்காதீர்கள். நீங்கள் எழுதியதைப் பார்த்தால் கோளாறு போர்டில் இல்லை, வெளிச்சத்தில்.

படத்தின் பிரகாசத்தையும் நிறத்தையும் கேமரா தானாகவே சரிசெய்துகொண்டே இருக்கும். வீட்டு டியூப்லைட் மாறாது, அதனால் தெரியவில்லை. உங்கள் பக்கம் பாலக்காட்டுக் கணவாய்க் காற்று ஓலையை ஆட்டும், தரையில் வெயில் திட்டுத்திட்டாக ஓடும். கேமராவும் அதற்கேற்ப மாறிக்கொண்டே போகும். தேங்காயின் நிறம் இது என்று புரோகிராமில் எழுதிவைத்த எண் அதற்குள் பொருந்தாமல் போய்விடும். எக்ஸ்போஷர் (பிரகாச அளவு), ஒயிட் பேலன்ஸ் (நிற அளவு) இரண்டையும் ஆட்டோவிலிருந்து எடுத்துப் பூட்டச் சொல்லுங்கள். சில வரிகள்தான், செலவில்லை.

ஒரே ஒரு விதிவிலக்கு. பூட்டிவைத்து ஓட்டும்போது மேகம் மூடினால் படமே இருண்டுவிடும். அப்போது பூட்டைத் திறக்கத்தான் வேண்டும், ஆனால் ஓடும்போது கூடாது. வண்டி நிற்க வேண்டும். சாம்பல் நிற அட்டை ஒன்றைக் காட்டி அளவெடுத்து, மறுபடி பூட்டி, அப்புறம்தான் கிளம்ப வேண்டும். காலையில் ஒரு தடவை, வெயில் ஏறியதும் ஒரு தடவை, மேகம் வந்தால் மறுபடியும். மழைக்காலத்தில் இதைத் தட்டிக்கழித்தால் எந்த போர்டு வாங்கினாலும் இதே கதைதான்.

சரி, மட்டை விஷயம். காய்ந்த தேங்காயும் மட்டையும் ஒரே பழுப்பு. நிறம் மட்டும் போதாது, படம் காட்டிப் பழக்கிய மாடல், அதாவது பொருளை அடையாளம் காணும் புரோகிராம், வேண்டும். சென்டர்காரர்கள் நுழைவது இந்த இடத்தில்தான். பெரும்பாலும் அவர்கள் விற்பது இணையத்தில் சும்மா கிடைக்கும் யோலோ என்ற மாடல். அது பழகியது கோகோ என்ற படத் தொகுப்பில். அதில் 80 வகைகள் உண்டு. வாழைப்பழம் இருக்கிறது, ஆரஞ்சு இருக்கிறது, ஒட்டகச்சிவிங்கிகூட இருக்கிறது. தேங்காய் இல்லை! தோப்பில் அது முழிக்கும். உடனே ‘மாடிஃபிகேஷன்’ என்று இன்னொரு பில் வரும்.

காலை, உச்சி வெயில், மழை விட்ட பிறகு என்று உங்கள் தோப்பிலேயே மகள் படம் எடுக்கட்டும். தேங்காயே இல்லாத, வெறும் மட்டைப் படங்களும் சேரட்டும். ஒவ்வொரு காயையும் கட்டம் போட்டுக் குறிப்பது சலிப்பான வேலைதான். மாடலைப் பழக்க, இணையத்திலேயே புரோகிராம் ஓட்ட உதவும் கூகுள் கோலாபின் இலவச வசதியே போதும்.

கல்லூரிகளைச் சொல்ல வேண்டும். ரிவியூவில் பிபிடி அழகாக இருக்கிறதா, தலைப்பில் ‘டீப் லேர்னிங்’ இருக்கிறதா என்று பார்க்கிறார்கள். வண்டியை வெயிலில் ஓட்டிக் காட்டு என்று கேட்க ஆளில்லை. கேட்டால் பாதி சென்டர்கள் கடையைக் கட்டிவிடும்.

அட்வான்ஸ் கொடுத்துவிட்டீர்கள் என்றால், மீதிப் பணத்துக்கு முன் பகல் 12 மணிக்கு உங்கள் தோப்பில் ஓட்டிக் காட்டச் சொல்லுங்கள்.