ரத்தம் உறையாமல் தடுக்கும் மாத்திரையும் வயதானவர்களின் மூளையும்: கேள்வி பதில்

மாத்திரையைத் தொடரலாமா, நிறுத்தலாமா என்றுதான் பலரும் கேட்டிருக்கிறீர்கள். அது எதற்காக எழுதப்பட்டது என்பதைத் தெரிந்துகொள்ளாமல் இரண்டில் எதையும் செய்யாதீர்கள்.

கேள்வி: அப்பாவுக்கு 78 வயது. இதயத் துடிப்பு ஒழுங்கில்லை, ஏட்ரியல் ஃபிப்ரிலேஷன் என்று சொல்லி, ரத்தம் உறையாமல் தடுக்கும் அபிக்ஸபான் கொடுத்தார்கள். போன வாரம் குளியலறையில் வழுக்கி உட்கார்ந்துவிட்டார், தலையில் அடியில்லை. மூளையில் ரத்தம் கசிந்துவிடுமோ என்று பயந்து மாத்திரையை நிறுத்திவிட்டோம். சரிதானே?

பதில்: சரியில்லை. இன்றைக்கே அவருடைய மருத்துவரிடம் பேசுங்கள். இந்தத் துடிப்புக் கோளாறு உள்ளவர்களுக்குப் பக்கவாத ஆபத்து மற்றவர்களைவிட ஏறக்குறைய 5 மடங்கு. இதயத்தின் மேலறை சரியாகச் சுருங்காமல் வெறுமனே அதிர்வதால் அங்கே ரத்தம் தேங்கி உறைகிறது. அந்தக் கட்டி பெயர்ந்து போய் மூளைக்குப் போகும் குழாயை அடைத்துவிடுகிறது. இப்படி வரும் பக்கவாதம் பெரும்பாலும் கடுமையானது. பேச்சு, நடை, நினைவு எல்லாவற்றையும் ஒரே நாளில் கொண்டுபோய்விடும். இதே வேலையைச் செய்யும் பழைய மருந்தான வார்ஃபரின் இந்த ஆபத்தில் மூன்றில் இரண்டு பங்கைக் குறைக்கிறது. அபிக்ஸபான் அதற்குச் சளைத்ததல்ல. மூளைக்குள் கசிவதும் வார்ஃபரினைவிட இதில் ஏறக்குறைய பாதிதான்.

உங்கள் பயம் நியாயமானதே. ஆனால் 1999இல் கனடா ஆய்வாளர்கள் கணக்கிட்டபோது, வார்ஃபரின் எடுக்கும் முதியவர் ஆண்டுக்கு ஏறத்தாழ 295 தடவை விழுந்தால்தான் கசிவு ஆபத்து மருந்தின் பலனை மிஞ்சும் என்று வந்தது. அது காகிதக் கணக்குதான், ஒவ்வொருவருக்கும் அப்படியே பொருந்தாது. என்றாலும் தராசு எந்தப் பக்கம் சாய்கிறது என்பது அதிலேயே தெரிகிறது. குளியலறைச் சுவரில் கைப்பிடி வையுங்கள், இரவில் ஒரு சின்ன விளக்கு எரியட்டும். பிரஷரைக் கட்டுக்குள் வையுங்கள். மூளையில் கசிவு ஏற்பட முக்கியக் காரணம் அதுதான்.

கேள்வி: அம்மாவுக்கு 72 வயது. இதய நோய் எதுவும் இல்லை. தினமும் ஆஸ்பிரின் போட்டால் மறதி நோய் வராது என்கிறார்கள். கொடுக்கலாமா?

பதில்: வேண்டாம். இதை நேரடியாகவே சோதித்திருக்கிறார்கள். ஆஸ்திரேலியாவிலும் அமெரிக்காவிலும் 19,000க்கும் மேற்பட்ட முதியவர்களுக்கு 100 மில்லிகிராம் ஆஸ்பிரினோ போலி மாத்திரையோ கொடுத்துப் பார்த்த ‘ஆஸ்ப்ரீ’ ஆய்வின் முடிவு 2018இல் வந்தது. டிமென்ஷியா என்னும் மறதி நோய் குறையவில்லை, பெரிய ரத்தக் கசிவுகள்தான் கூடின. ஸ்டென்ட் வைத்தவர்களும், ஏற்கெனவே மாரடைப்போ பக்கவாதமோ வந்தவர்களும் இதைப் படித்துவிட்டு ஆஸ்பிரினை நிறுத்திவிடாதீர்கள். உங்கள் கணக்கே வேறு.

கேள்வி: அப்படியானால் அபிக்ஸபான், வார்ஃபரின் எடுப்பவர்களுக்காவது டிமென்ஷியா குறையுமா?

பதில்: குறையலாம் என்று சொல்லும் சான்று இருக்கிறது, உறுதியில்லை. ஸ்வீடனில் நாலு லட்சத்துக்கும் மேற்பட்ட ஏட்ரியல் ஃபிப்ரிலேஷன் நோயாளிகளின் பதிவேடுகளை அலசி 2018இல் வெளியான ஆய்வில், இந்த மருந்துகளை எடுத்தவர்களிடம் டிமென்ஷியா 29 சதவீதம் குறைவாக இருந்தது. ஆனால் ஓரளவு திடமாக இருப்பவர்களுக்குத்தான் மருத்துவர்கள் இவற்றைத் தயங்காமல் எழுதுவார்கள், அதனால் முழுப் புகழையும் மருந்துக்கே தர முடியாது. பக்கவாதம் தடுக்கப்பட்டால் அதனால் வரும் நினைவிழப்பும் தடுக்கப்படும். எனக்கு அந்தக் காரணமே போதும்.

கேள்வி: வார்ஃபரின் எலி மருந்தாமே?

பதில்: ஆமாம், 1948இல் எலி மருந்தாகத்தான் விற்பனைக்கு வந்தது. 1954 முதல் மனிதர்களுக்கும் கொடுக்கிறார்கள். அளவுதான் வித்தியாசம், அதைச் சரிபார்க்கத்தான் ரத்தம் உறைய எவ்வளவு நேரமாகிறது என்று பார்க்கும் ஐஎன்ஆர் பரிசோதனை.

கேள்வி: பாட்டிக்கு ருமாட்டிக் காய்ச்சலால் வால்வு சுருங்கிவிட்டது. வார்ஃபரின் எடுக்கிறார். கீரையே சாப்பிடக் கூடாதா? பரிசோதனை வேண்டாத புதிய மாத்திரைக்கு மாற்றிவிடலாமா?

பதில்: கீரை சாப்பிடலாம். அதில் உள்ள வைட்டமின் கே மருந்தின் வேலையைக் குறைக்கும் என்பதால், ஒரு வாரம் தினமும் முருங்கைக்கீரை, அடுத்த வாரம் துளிகூட இல்லை என்று மட்டும் இருக்கக் கூடாது. மாத்திரையை மாற்றாதீர்கள். ருமாட்டிக் வால்வு நோயோடு ஏட்ரியல் ஃபிப்ரிலேஷனும் உள்ளவர்களிடம் வார்ஃபரின் வகையையும் புதிய மாத்திரைகளில் ஒன்றான ரிவராக்ஸபானையும் ஒப்பிட்ட ‘இன்விக்டஸ்’ ஆய்வில் (2022) பழைய மருந்துதான் அதிக உயிர்களைக் காத்தது. உலோக வால்வு பொருத்தியவர்களுக்கும் வார்ஃபரின் வகைதான்.

கேள்வி: மூட்டுவலிக்கு மருந்துக்கடையில் கேட்டு டைக்ளோஃபெனாக் வாங்கிப் போடுகிறார் தாத்தா. பரவாயில்லையா?

பதில்: ரத்தம் உறையாமல் தடுக்கும் மாத்திரை எடுப்பவரென்றால் கூடவே கூடாது, கசிவு ஆபத்து கூடும். மருத்துவரிடம் கேட்டு அளவாகப் பாராசிட்டமால் கொடுங்கள்.

கேள்வி: மாமியார் வார்ஃபரின் எடுக்கிறார். மூன்று வாரத்துக்கு முன் தலை கதவில் இடித்தது, அப்போது ஒன்றுமில்லை. இப்போது தலைவலி, பகலிலும் தூக்கம், ஆளை மாற்றிக் கூப்பிடுகிறார். வயதானதால் வரும் மறதிதானே?

பதில்: அப்படி எண்ணிக் காத்திருக்காதீர்கள். மண்டையோட்டுக்கும் மூளைக்கும் நடுவே மெதுவாக ரத்தம் சேர்ந்திருக்கலாம். அடிபட்டுப் பல வாரம் கழித்துக்கூட இப்படித் தெரியவரும். பார்க்க மறதி நோய் போலவே இருக்கும், ஆனால் நேரத்தில் கண்டுபிடித்தால் பெரும்பாலும் சரிசெய்துவிடலாம். சிடி ஸ்கேன் வசதியுள்ள மருத்துவமனைக்கு இப்போதே அழைத்துப் போங்கள். மாத்திரை அட்டையும் கடைசி ஐஎன்ஆர் சீட்டும் கையில் இருக்கட்டும், கதவில் இடித்ததை முதலில் சொல்லுங்கள். அடுத்த வேளை வார்ஃபரினை அங்கே கேட்காமல் கொடுக்காதீர்கள்.